கடலை கப்பலேறக் கூடாது

அரியலூரில் நான் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தபோது, இரண்டாம் உலகச் சண்டை முடிந்தும் எண்ணெய்த் தட்டுப்பாடு முடியவில்லை. கடலையை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா என்று பேப்பரில் ஓயாத வாதம். பையன்களும் யோசிக்கட்டுமே என்று கட்டுரைப் போட்டி வைத்தேன். அயல்நாட்டு வாணிபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கப்பல் தண்ணீரில் போகும் என்பதுதான். எவனாவது கேள்வி கேட்டுவிடுவானோ என்று வேர்வையில் சட்டை நனைய நனைய வகுப்புக்குப் போவேன்.

யாருக்கு எந்தக் கட்சி என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்தோம். பெரம்பலூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன் 'கூடாது' சீட்டை எடுத்தான். அவன் அப்பாவுக்கு மானாவாரிக் கடலைதான் சோறு. கப்பல் நின்றால் மண்டியில் விலை விழுந்துவிடும்.

"எனக்கு இது வேணாம் சார்."

"வக்கீலாகப் போறவன் சீட்டப் பாத்து அழலாமாடா?" என்று கேலி செய்து அனுப்பினேன்.

முதல் பரிசு அவனுக்குத்தான். ஆண்டு விழாவில் வாசித்தான். ஏழை வீட்டு எண்ணெய்க் கிண்ணம் காய்ந்து கிடக்க, நம் கடலை கப்பலேறக் கூடாது என்று முடித்தபோது ஒரே கைதட்டல். முன் வரிசையில் சலவை வேட்டியோடு உட்கார்ந்திருந்த அவன் அப்பா மட்டும் தட்டவில்லை.

விழா முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். "வாத்தியாரய்யா, ஊரு சனம் பாக்க எம்மவனே எங்கடலைய விக்காதங்குறான். இதுக்கா படிக்க வச்சேன்? ஏரு ஓட்ட வரட்டும்."

என் கால் ஒரு பக்கமும் நாக்கு ஒரு பக்கமும் ஓடின. "ஐயய்யோ, அது சீட்டுல வந்ததுங்க! சீட்டு மாறியிருந்தா இவனே கப்பலத் தள்ளி வுட்டிருப்பான்!"

"அப்ப எழுதுனது பூரா பொய்யா?"

"சுத்தப் பொய்ங்க! டேய், சொல்லுடா!" என்று அவனுக்குக் கண்ணைக் காட்டினேன். ஒரு வார்த்தை சொன்னால் படிப்பு பிழைத்துவிடும்.

அவன் பரிசுப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றான். "எழுத ஆரம்பிச்சப்ப பொய்தாம்ப்பா. எழுதி முடிச்சப்ப அப்படித் தோணல."

அடி விழப்போகிறது என்று நான் பாதி தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். அவர் கை ஓங்கவில்லை. "வெல வுழுந்தா ஒனக்கு பள்ளிக்கூட சம்பளம் யாருடா கட்டுறது?" என்று மெதுவாகக் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

லீவில் அவன் ஊருக்கே போய்க் கெஞ்சினேன். அப்பா மரியாதையாகக் கடலை அவித்துக் கொடுத்தார். மகனை அனுப்பச் சம்மதிக்கவில்லை. அவன் கடலைக் காட்டிலிருந்து வந்து, "நல்லாருக்கீங்களா சார்?" என்றான். கை முழுக்க மண். எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.