பிரிக்காத கவர்கள்

தடித்த கவரைக் கம்பி துளைத்துக்கொண்டு இறங்கும்போது 'சரக்'கென்று ஒரு சத்தம் வரும். அல்சூரில் நாங்கள் குடியிருந்த வீட்டில், என் ஒன்பதாவது வயது முதல், மாதத்துக்கு ஒருமுறை கேட்டு நடுங்கிய சத்தம் அது. வந்த கடிதங்களைக் கொக்கிக் கம்பியில் குத்தித் தொங்கவிடுவது அந்தக் காலத்து வழக்கம். எங்கள் வீட்டில் இரண்டு கம்பிகள். ஒன்று படித்த கடிதங்களுக்கு. மற்றொன்று, கதவுக்குப் பின்னால், அத்தைக்கு மட்டும்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. சின்ன வயதிலேயே விதவையாகி எங்களோடு இருந்தவள், ஒருநாள் கோலார் தங்கவயலுக்குப் போய் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு, அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாகிவிட்டாள். அன்றோடு அவளைத் தலைமுழுகிவிட்டதாகச் சொன்னார் அப்பா. அவளா விடுவாள்? மாதம் தவறாமல் கவர் போட்டாள். தபால்கார முனியப்பா, 'வாபஸ் அனுப்பிடலாமா சாமி?' என்று தலையைச் சொறிவார். அப்பா கை நீட்டி வாங்கி, பிரிக்காமல், நேரே கம்பியில் குத்துவார். திருப்பி அனுப்பினால் அவள் முகத்தில் அறைந்தது போலாகும். படித்தாலோ தன் வீம்பு போய்விடும். இரண்டுக்கும் மனசில்லாத மனிதர். அம்மா அந்தக் கதவைச் சாத்தவே பயப்படுவாள். சாத்தினால் கவர்கள் சுவரில் உரசிக் கிசுகிசுக்கும். வீட்டில் அதற்கு 'அத்தை பேசறா' என்றே பெயர்.

இப்படி மூன்று வருஷம் போலப் போனது. ஒரு மத்தியானம் வெள்ளைப் புடவையில் ஒரு பெண் வந்தாள். அத்தையோடு வேலை பார்த்தவளாம். அத்தை விஷக்காய்ச்சலில் போய்ப் பத்து நாள் ஆகிறது என்றாள். அப்பா நேரே கதவுக்குப் பின்னால் கம்பியைக் கழற்றப் போனார்.

"கடைசி ரெண்டு வருஷமா உள்ள எதுவும் வெக்கலீங்க," என்றாள் அவள். "அண்ணன் படிக்க மாட்டாருன்னு அவளுக்குத் தெரியும். கவர் திரும்பி வரலைன்னா அண்ணன் நல்லா இருக்காருன்னு அர்த்தம், அது போதும்னு சொல்லுவா."

அப்பா நம்பவில்லை. ஒவ்வொன்றாகக் கிழித்து, விரலை உள்ளே விட்டுத் துழாவினார். அடியில் கிடந்த பத்துப் பன்னிரண்டில் கடிதம் இருந்தது. மற்றவை எல்லாம் வெறும் கவர். இருந்த கடிதங்களையும் எங்களுக்குப் படித்துக் காட்டவில்லை. ஒரு தடவை பிரித்திருக்கக் கூடாதா என்று அம்மா கேட்டேவிட்டாள்; அதற்கு முன் அவள் அவரை எதிர்த்து நான் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் அப்பா ஒரு கவரை, உள்ளே ஒன்றும் வைக்காமல் ஒட்டி, அத்தை பெயரை எழுதி, பின்பக்கம் எங்கள் விலாசத்தோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போட்டார். எட்டாம் நாள், ஆள் இல்லை என்று இங்கிலீஷில் கிறுக்கித் திரும்பி வந்தது. கம்பியில் குத்தினார். மறு மாதமும் போட்டார், அதுவும் வந்தது. எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வரும். உயிரோடு இருந்தபோது செய்யாததை இப்போது யாருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கத் தைரியம் இல்லை.

ஏழெட்டு மாதத்துக்குப் பின் ஒரு கவர் திரும்பி வரவில்லை. அப்பா ஆபீஸ் கோட்டைக்கூடக் கழற்றாமல் தினமும் வாசலில் நின்று முனியப்பாவைக் கேட்பார். அவர் ஒருநாள் பையைக் கவிழ்த்தே காட்டினார். அங்கே யாரோ சலித்துப்போய்க் கிழித்துப் போட்டிருப்பார்கள். அது எனக்கே புரிந்தது. மாதம் கழிந்து ஒருநாள், சாப்பாட்டில் கை வைத்தபடி அப்பா அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்:

"வாங்கிக்கிட்டா."

அதன் பிறகு அவர் கவர் போடவில்லை.

இப்போது அந்த வீடு இருந்த இடத்தில் மாடிக் கட்டடம் நிற்கிறது. என் வீட்டுத் தபால்பெட்டியில் யார் யாரோ அனுப்பும் விளம்பரக் கவர்கள் வழிகின்றன; பிரிக்காமலே குப்பையில் போடு என்கிறார்கள் என் பிள்ளைகள். என்னால் முடிவதில்லை. வீடு போயிற்று, கம்பி போயிற்று, முனியப்பா போனார், அப்பாவும் போனார். அந்த ஒரு கவர் மட்டும் இன்றுவரை திரும்பி வரவில்லை.