ஓடிக்கொண்டே இருந்த பச்சைப் புள்ளி

பழனிவேல் அண்ணன் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, என் திரையில் அவருடைய லாரி மணிக்கு எழுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணி. அல் குசைஸில் எங்கள் கம்பெனியின் கண்ட்ரோல் ரூமுக்கு அப்போதுதான் டீ வந்திருந்தது. போனில் யாரோ ஒரு பாகிஸ்தானி டிரைவர். "பாய், உங்க ஆளு கலாஸ், போயிட்டாரு. ஸ்டியரிங் மேலேயே சாய்ஞ்சு கிடக்காரு" என்று இந்தியில் சொன்னார். நான் நம்பவில்லை. "இல்ல பாய், வண்டி ஓடிக்கிட்டிருக்கு, நான் பாத்துக்கிட்டுதானே இருக்கேன்" என்றேன். அண்ணன் உடலுக்குப் பக்கத்தில் நிற்கிற மனிதரிடம் அப்படி வாதாடினேன்.

ராஸ் அல் கைமா தொழிலாளர் கேம்பில் அவரோடு ஒரே ரூமில் இருந்த நண்பர்களே, உங்களுக்கு அவருடைய புளிக்குழம்பும் குறட்டையும் தெரியும். எனக்கு அவர் குரல்தான் தெரியும். ஒன்பது வருடத்தில் நேரில் பார்த்தது பத்துத் தடவை இருந்தால் அதிகம். அவர் டைல்ஸ் ஏற்றிக்கொண்டு சவூதி வழியாக வடக்கு எல்லை வரைக்கும் போவார். வண்டி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருப்பது என் வேலை.

சண்டை மூண்டு, ஏவுகணைகள் வழி தவறட்டும் என்று வானத்திலிருந்து வரும் ஜி.பி.எஸ். சிக்னலை ராணுவங்கள் குழப்பத் தொடங்கிய பிறகு, எங்கள் லாரிகள் திரையில் கண்டபடி தாவின. ஒருநாள் அவர் வண்டி நடுக்கடலில் நின்றது. "அண்ணே, இப்ப நீங்க கடல்ல இருக்கீங்க" என்றேன். "அப்படியா? வஞ்சிரம் கெடைச்சா வாங்கியாறேன்" என்றார். அன்றிலிருந்துதான் அந்தப் பழக்கம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை ஓரங்கட்டி, வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்புவார். மீட்டரில் எத்தனை கிலோமீட்டர், இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன. கடைசியில் எப்போதும் "இருக்கேன் தம்பி." யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டதற்கு, "மேல இருக்கறத எவனும் கொழப்பலாம். சக்கரம் சுத்துனது சுத்துனதுதான்" என்றார். மற்ற டிரைவர்களும் அதைப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தார்கள்.

ஒருமுறை திரை அவர் வண்டியை வேறொரு நாட்டு விமான நிலையத்தில் காட்டியது. சரக்கோடு ஓடிவிட்டார் என்று சரக்குக்காரர் பதறிப் புகார் கொடுக்க, எல்லையில் அவரைப் பிடித்து ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டார்கள். அவருடைய குரல்செய்திகளையே வரிசையாகப் போட்டுக்காட்டி மீட்டேன். அங்கிருந்தும் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். "இடப்பக்கம் போலீஸ், வலப்பக்கமும் போலீஸ். இருக்கேன் தம்பி." கண்ட்ரோல் ரூமே சிரித்தது.

பிறகு புது சாப்ட்வேர் வந்தது. சிக்னல் போனாலும் புள்ளி இனித் தாவாது. கடைசியாகத் தெரிந்த வேகத்தை வைத்துக்கொண்டு, வண்டி இந்நேரம் எங்கே இருக்கும் என்று தானே கணக்குப் போட்டுச் சாலையில் நகர்த்திக் காட்டும். நிஜமான புள்ளி கரும்பச்சை, கணக்குப் புள்ளி வெளிர்பச்சை. வித்தியாசம் அவ்வளவுதான். இனி டிரைவர்கள் குரல் அனுப்ப வேண்டாம் என்று மேலாளர் சொன்னார். நானும் மறுக்கவில்லை. ஒரு டியூட்டிக்கு நாற்பது ஐம்பது செய்திகளைக் கேட்டு எழுதிச் சலித்துப் போயிருந்தேன். அண்ணனிடம் சொன்னேன். "ஒனக்குத் தொந்தரவா இருந்துச்சா தம்பி?" என்றார். "சேச்சே, நீங்க நிம்மதியா ஓட்டலாமேன்னுதான்" என்றேன். பொய். தொந்தரவாகத்தான் இருந்தது.

அவர் இறந்த அன்று அவர் புள்ளி காலையிலிருந்தே வெளிர்பச்சை. வாரக்கணக்காக எல்லா வண்டியும் வெளிர்பச்சையாகவே இருந்ததால், எங்கள் கண்ணுக்குப் பச்சை என்றால் பச்சை, அவ்வளவுதான். சரக்குக்காரர் போன் செய்தபோது "நல்ல ஸ்பீடுல வருது, அஞ்சு மணிக்கு வந்துடும்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த நேரத்தில் லாரி சாலையோரம் நின்றிருக்கிறது. இன்ஜின் ஓடியபடி, ஏசி போட்டபடி. நெஞ்சுவலி வந்தும் வண்டியை ஒழுங்காக ஓரங்கட்டி, அபாய விளக்கைப் போட்டிருக்கிறார். பதினொன்றரைக்கு நின்ற வண்டி அது. உடனே போய்விடவில்லை, வெகுநேரம் உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். பழைய மாதிரி இருந்திருந்தால் பன்னிரண்டு மணிச் செய்தி வராதபோதே பதறியிருப்பேன். அந்தப் பக்கம் போகிற எந்த வண்டியையாவது நிறுத்தச் சொல்லியிருப்பேன். முடியவில்லை. முடியாமல் செய்தவன் நான்தான்.

அன்று மாலை ஐந்து மணிக்கு வெளிர்பச்சைப் புள்ளி சரக்குக்காரரின் யார்டுக்குள் நுழைந்து, சேர வேண்டிய இடத்தில் நின்றது. 'சேர்ந்தது' என்று திரையில் எழுத்து வந்தது. நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அறந்தாங்கிப் பக்கத்திலிருந்து அவர் மனைவி பேசினார். அழுது தீர்ந்த குரல். "தம்பி, அவுக கடைசியா நின்ன எடத்துல என்ன இருந்துச்சு? தண்ணி கிண்ணி குடுக்க பக்கத்துல ஒரு கடையாச்சும் இருந்துச்சா?" வண்டி எங்கே என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற எனக்குப் பதில் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்தப் பாகிஸ்தானி டிரைவரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். நல்ல மனிதர், வண்டியின் மீட்டரைக்கூடப் படம் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தை இன்னும் என் போனில் வைத்திருக்கிறேன். அண்ணன் அன்று அனுப்பாமல் போன செய்தியில் எனக்கு மிஞ்சியது மீட்டரில் இருந்த அந்த ஏழு இலக்க எண்தான். இப்போது மேலாளர் என்ன சொன்னாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டுக் கேட்கிறேன். அதனால் அண்ணனுக்கு இனி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தெரிந்தும் கேட்கிறேன்.

அவர் மனைவிக்கு வாட்ஸ்அப்பில் குரல்செய்தி அனுப்பினேன். முதலில் மீட்டரில் இருந்த எண்ணைச் சொன்னேன். இடப்பக்கம் மணல், வலப்பக்கம் ஒரு மின்கம்பம், கடை எதுவும் இல்லை அக்கா என்றேன். அதற்கு மேல், அண்ணன் ஒவ்வொரு செய்தியின் முடிவிலும் சொல்கிற அந்த ஒரு வார்த்தை பாக்கி இருந்தது. அதைச் சொல்ல ஆள் இல்லை.