தேசிக்காய் வாசமும் அத்தானின் சட்டைப் பையும்

லண்டன் இல்ஃபோர்டில் அக்கா வீட்டுக்குக் கிட்ட இருக்கிற மரக்கறிக் கடை வாசலில் நேற்று ஒரு பெட்டி தேசிக்காய் இருந்தது. தமிழ்நாட்டார் எலுமிச்சை என்கிற நம்மூர்ச் சின்னத் தேசிக்காய் அல்ல. இலையோடும் காம்போடும் வந்து, தோலெல்லாம் மேடு பள்ளமாக, குழந்தையின் கைமுட்டி அளவுக்குப் பெருத்திருக்கும் இத்தாலித் தேசிக்காய். ஒன்றை எடுத்து நகத்தால் மெல்லக் கீறி மணந்து பார்த்தேன். கடைக்காரர் பார்த்த பார்வையில் அதை வாங்க வேண்டியதாகிவிட்டது. ஒற்றைத் தேசிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு நடைபாதையில் தனக்குள் சிரிக்கிற வழுக்கைத் தலையனை நீங்கள் கண்டிருந்தால் விலகித்தான் போயிருப்பீர்கள். கூட வந்த அத்தான் விலகவில்லை. வாசம் அவருக்கும் எட்டிவிட்டது.

"அந்தப் பாதை, என்ன?" என்றார்.

"ஓம் அத்தான், அதேதான்."

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். "இத்தாலி எனக்கு நல்லாத் தெரியும்" என்று எந்த விருந்திலும் ஆரம்பிப்பார். "எப்பிடி?" என்று யாராவது கேட்டால், "மூக்காலை" என்பார். பொய்யில்லை. இளவயதில், விசா இல்லாத ஆட்களைக் களவாக எல்லை கடத்துகிற ஏஜென்சிக்காரன் அவரை இத்தாலியின் தெற்கு முனையில் ஒரு லொறியில் ஏற்றி, தேசிக்காய்ப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளித்து, மேலே தார்ப்பாய்ப் படங்கைக் கட்டிவிட்டான். அந்த நாட்டைத் தலையிலிருந்து கால்வரை, அவர் கணக்கில் காலிலிருந்து தலைவரை, கடந்து பிரான்ஸ் எல்லைக்குப் போனார். கண்டது ஒன்றுமில்லை. படங்கில் இருந்த கிழிசல் ஒன்று காற்றில் விலகிய நேரம் கொஞ்சம் நீலம் தெரிந்ததாம். "அது கடலோ வானமோ எண்டு இண்டைக்கும் தெரியாது" என்று கதையை முடிப்பார்.

பிறகு லண்டன் வந்தார். விசா கிடைத்தது, பிரிட்டிஷ் பாஸ்போட் கிடைத்தது, அக்காவும் கிடைத்தார். ஒன்று மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. சீருடை தெரிந்தால் றோட்டைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவார். பொலிஸ் என்றில்லை, கார்களுக்கு அபராதச் சீட்டு ஒட்டுகிற பாவப்பட்ட மனிதரைக் கண்டாலும் அப்படித்தான். ஒருமுறை கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற செக்கியூரிட்டிக்காகப் பட்டு வேட்டியோடு றோட்டைக் கடந்தார். மாப்பிள்ளையின் தகப்பன் மாலையோடு இந்தப் பக்கம் நிற்கிறார்! அந்த நாட்களில் நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அவர் கடந்தால் நானும் கடப்பேன்.

"ஏன் அத்தான் இஞ்சாலை வந்தனீங்கள்?"

"இந்தப் பக்கம் வெயில், தம்பி."

சொன்னது ஒரு தை மாதத்தில். லண்டனில்.

அத்தானின் இத்தாலிக் கதையை இன்னொரு தடவை கேட்கப் பொறுமையில்லாமல்தான் அக்கா டிக்கெட் போட்டார். "ஒருக்காக் கண்ணாலை பாத்திட்டு வாங்கோ. பிறகு மூக்கைப் பற்றிக் கதைக்கலாம்." என்னையும் சேர்த்துக்கொண்டார்கள், பெட்டி தூக்க. பிரான்ஸ் எல்லைப் பக்கம், அந்த லொறி போன வழியில், லிகூரியாக் கடற்கரையில் மலையில் தொற்றிக்கொண்டிருக்கிற சில கிராமங்கள். ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடலோரமாக ஒற்றையடிப் பாதை. அந்த ஊர்ப் பெயர்களை என் எழுத்துக்கூட்டலில் எழுதினால் இத்தாலியர் வழக்குப் போடுவார்கள் என்பதால் விட்டுவிடுகிறேன்.

புறப்படும் காலை அத்தான் பாஸ்போட்டைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"எயர்போட்டிலை காட்டிறது கணக்கில்லை. இந்தமுறை றோட்டிலை ஒரு பொலிஸ்காரன் என்னை மறிச்சுக் கேக்கவேணும். எடுத்துக் காட்டவேணும். அவ்வளவுதான் எனக்கு ஹொலிடே."

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்ல முடியாது. பொலிஸ் தேடிப் போகிற உல்லாசப் பயணம் வேறு யாருக்கு வாய்க்கும்?

முதல் ஊர் ரயில் ஸ்டேசனில் இறங்கியதுமே இரண்டு பேர் நின்றார்கள். தொப்பி, துப்பாக்கி, மினுங்குகிற சப்பாத்து. "அத்தான், ரெண்டு பேர்!" என்று திரும்பினேன். அத்தானைக் காணவில்லை. நினைவுப்பொருள் கடையின் ஆக உள்மூலையில் நின்று குளிர்ப்பெட்டியில் ஒட்டுகிற காந்தங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"காந்தம் வடிவா இருந்தது" என்றார். முகம் வியர்த்திருந்தது.

அடுத்த ஊர்ச் சதுக்கத்தில் பொலிஸ்காரர் ஒருவர் சாவகாசமாகக் கோப்பி குடித்துக்கொண்டு நின்றார். அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடையாது. அத்தான் பையைத் தட்டினார், நாலடி முன்னால் போனார், சட்டென்று வலப்பக்கம் திரும்பித் தேவாலயத்துக்குள் நுழைந்துவிட்டார். வெளியே வந்தபோது, "மெழுகுதிரி ஒண்டு கொளுத்தினனான்" என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எங்கடை பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்த நூறுதரம் சொல்லவேணும் உங்களுக்கு."

கால் சொல்வதை மனம் கேட்கவில்லையா, மனம் சொல்வதைக் கால் கேட்கவில்லையா என்று தெரியவில்லை. அத்தானின் முகம் சுருங்கிக்கொண்டு வந்தது. "என்னாலை ஏலாது போலை, தம்பி" என்றார் மெதுவாக. பகிடியை நான் அதோடு நிறுத்தினேன். நிறுத்தியதற்குப் பாதையும் ஒரு காரணம்: மூச்சு வாங்கியது.

இமயமலைக்குப் போவதுபோலப் புதுச் சப்பாத்தும் இரண்டு ஊன்றுதடிகளும் வாங்கிக்கொண்டு போயிருந்தேன். முதல் கல்படிகளிலேயே இரண்டு குதிகாலும் கொப்பளித்துவிட்டன. கைப்பையோடு வந்த ஒரு கன்னியாஸ்திரி சிரித்தபடி என்னை முந்திப் போனார். அக்கா சேலைக்குக் கீழே ஓட்டச் சப்பாத்துப் போட்டு, தோளில் கட்டுச்சோற்றுப் பையோடு, பஸ்ஸுக்கு ஓடுகிறவர்போல முன்னால் போனார். அத்தான் சாதாரணச் செருப்போடு.

ஆனால் என்ன பாதை! ஒரு பக்கம் கல் அடுக்கிக் கட்டிய வைன் முந்திரிகைக் கொடித் தோட்டங்கள். மறுபக்கம் தடுக்கினால் நேரே கடல். ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த ஊர் ஒரு கணம் தெரிந்து மறையும். மஞ்சளும் ரோஸுமாக, இடம் போதாமல் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். இப்போது நான் இருக்கிற லண்டன் கிங்ஸ்பரியின் வீட்டுத் தரகர்கள் கண்டால், 'அடக்கமான அழகிய வீடு' என்று விளம்பரம் போட்டு விலையை ஏற்றியிருப்பார்கள்.

ஒரு திருப்பத்தில் அத்தான் சடாரென்று நின்றார். நான் அவர் முதுகில் மோதினேன்.

தேசிக்காய் வாசம். பாதையோரமெல்லாம் மரங்கள், காய்த்துக் குலுங்கின. அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திறந்தபோது நேரெதிரே இலைகளுக்கிடையில் ஒரு சின்ன இடைவெளி, அதற்குள் நீலம். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி," என்றார், "அது கடல்தான்."

அக்கா கட்டுச்சோற்றை அவிழ்த்து அவர் கையில் ஒரு கவளம் வைத்தார். மூவரும் அந்த மரங்களுக்குக் கீழே இருந்து சாப்பிட்டோம். மிளகாய்ப் பொரியலின் மணத்துக்கு இரண்டு ஜெர்மன்காரர் நின்று விசாரித்தார்கள். ஆளுக்கொரு மிளகாய் கொடுத்து, கண்ணீரோடு அனுப்பிவைத்தோம்.

கடைசி ஊரிலிருந்து தங்குமிடத்துக்குப் படகில் திரும்ப வேண்டும். நாங்கள் இறங்கிப் போக, படகு சங்கு ஊதிவிட்டது. அதற்குப் போகிற இறங்குதுறையோ ஒடுக்கமான கல்மேடை. நடுவில், வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு, நீலச் சீருடையில் ஒரு பொலிஸ்காரி.

கடை இல்லை, தேவாலயம் இல்லை, கடப்பதற்கு மற்றப் பக்கமும் இல்லை. இரண்டு பக்கமும் கடல்.

"இஞ்சருங்கோ, நான் போறன். வாறதெண்டால் வாங்கோ" என்று அக்கா அவளைத் தாண்டிப் போய்ப் படகில் ஏறியும்விட்டார். அத்தான் என்னைப் பார்த்தார். நான் ஊன்றுதடிகளைப் பார்த்தேன். பிறகு அவர் நடந்தார். நேரே போய் அவள் முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து பாஸ்போட்டை எடுத்து நீட்டினார்.

அவள் கேட்கவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. திகைத்தாள். ஆனாலும் அவர் முகத்தில் என்னத்தைக் கண்டாளோ, வாங்கினாள். திறந்து படத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். படகுக்காரன் கத்துகிறான், பின்னால் சனம் முணுமுணுக்கிறது. அவளோ அவசரப்படாமல் மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்து, ஆங்கிலத்தில், "படத்தில் பயந்துபோயிருக்கிறீர்கள், சேர். நேரில்தான் நன்றாக இருக்கிறீர்கள்" என்றாள்.

படகு கிளம்பிய பிறகும் அத்தான் இருக்கையில் இருக்கவில்லை. "பாத்தவ தம்பி! வடிவாப் பாத்தவ! ரெண்டுதரம் பாத்தவ!" அக்காவுக்கு நாலுதரம், எனக்கு ஆறுதரம், யாரென்று தெரியாத ஒரு டென்மார்க் குடும்பத்துக்கு ஒருதரம் சொன்னார்.

அந்தப் பாதையில் நாங்கள் நடந்த துண்டு இப்போது இல்லை. மழைக்கு மலை சரிந்து, கம்பிவேலி போட்டு மறித்துவிட்டார்கள் என்று போன மாதம் அக்காவின் மகள் போனில் காட்டினாள். என் சப்பாத்து எந்தப் பரணில் கிடக்கிறதோ. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலக, குங்குமச் சிவப்புப் பாஸ்போட்டும் போய் நீலம் வந்துவிட்டது. முன்பு ஒரு பார்வையோடு அனுப்பியவர்கள், இப்போது இத்தாலியில் இறங்கினால் லேசில் விடமாட்டார்கள். நீண்ட வரிசையில் நிறுத்தி முத்திரையும் குத்துகிறார்கள். "எத்தினைதரமப்பா காட்டிறது?" என்று அத்தான் சலித்துக்கொள்கிறார்.

நான் கிங்ஸ்பரிக்குக் குடிபோன பிறகு அவரோடு நடந்து திரிந்ததில்லை. சந்திப்பதெல்லாம் விருந்து வீடுகளில். நேற்றுத்தான் பல காலத்துக்குப் பிறகு கடைத்தெருவில் சேர்ந்து நடந்தோம். தேசிக்காயோடு நாலடி வைக்க, முன்னால் ஒரு பொலிஸ் வான். பக்கத்தில் இரண்டு பேர். என் கால்கள் பழைய பழக்கத்தில் தாமாகவே இறங்கி றோட்டைக் கடந்தன. நடுவில் ஒரு பஸ் ஹோர்ன் அடித்து என் பரம்பரையையே திட்டியது. மற்றப் பக்கம் ஏறித் திரும்பிப் பார்த்தால், நான் தனியாக நிற்கிறேன்.

அத்தான் அந்தப் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தார். "எக்ஸ்கியூஸ் மீ" என்றார். பொலிஸ்காரர் இருவரும் விலகி வழிவிட, நடுவால் போனார். பிறகுதான் என்னைத் தேடினார்.

"எங்கை தம்பி போறாய்?" என்று றோட்டுக்கு மேலால் கத்தினார்.

மழை தூறிக்கொண்டிருந்தது.

"இந்தப் பக்கம் வெயில், அத்தான்!"