மூன்றாம் அறையில் மாகிரட் அக்கா

கொட்டியாரக் குடாவில் மகாவலி வந்து விழுகிற பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து வாடிவீடு ஒன்று இருக்கிறது. அதன் வரவேற்பு மேசையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். தங்க வருகிற சனம் மரப்படியையும் உயர்ந்த கூரையையும் படம் பிடித்துக்கொண்டு போகும். அறைகளைப் படம் பிடிக்கிற மாதிரி வைத்திருந்த மாகிரட் அக்காவை ஒருவரும் படம் பிடித்ததில்லை. எனக்கு அதில் எப்போதும் எரிச்சல்தான்.

முப்பத்தொரு வருடம் அக்கா அங்கே கட்டில் விரித்தார். ஒரு சுருக்கம் கிடந்தாலும் விடமாட்டார். முழுவதையும் உருவிவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, மூன்றாம் அறையில் கட்டிலை விரித்துவிட்டு, யன்னலால் ஆறு தெரிகிறதே என்று அதன் ஓரத்தில் கொஞ்சம் அமர்ந்திருக்கிறார். அப்போதைய மனேஜர் கண்டுவிட்டார். ஏசவில்லை. விரிப்பை மாற்றச் சொன்னார், அவ்வளவுதான். அந்தக் கட்டிலில் ஒருநாள் படுத்தெழும்பியே தீருவது என்று அக்கா அன்றைக்கே மனதுக்குள் முடிவெடுத்துவிட்டாராம்.

போன ஓகஸ்டில் அவருக்கு ஓய்வு. கேக் வெட்டி, சுவர் மணிக்கூடு ஒன்றும் கொடுத்து அனுப்பினோம். அடுத்த நாள் மத்தியானம், மாதா கோயில் பூசைக்குக் கட்டுகிற சீலையோடும் கையில் ஒரு பையோடும் முன்வாசலில் வந்து நின்றார். அதுவரை அவர் பின்னால், குசினி வாசலால்தான் வருவார்.

ஓர் இரவுக்கு, காசு கட்டி, மூன்றாம் அறை வேண்டும் என்றார். மனேஜர் பிரகலாதன் கெட்டவர் இல்லை, ஆனால் சட்டம் என்றால் அவருக்கு உயிர். வேலையாட்கள் விருந்தினர் அறையில் தங்க ஏலாது என்றார். வேலை நேற்றோடு முடிந்தது, இன்றைக்கு நான் வெளியாள் என்றார் அக்கா. அறை எல்லாம் நிரம்பிவிட்டது என்று மனேஜர் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டார்.

"ஆள் வாற அறை எண்டா காலமையே யன்னலைத் திறக்கச் சொல்லுவியள், ஐயா. வரேக்க பார்த்தனான், மூண்டாம் அறை யன்னல் பூட்டிக் கிடக்கு."

நான் சாவியை எடுத்து மேசையில் வைத்தேன். மனேஜர் என்னை முறைத்தார். முறைக்கட்டும்.

அடுத்த நாள் காலைத் தேநீரை நானே கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. அக்கா யன்னலோரக் கதிரையில் இருந்தார். கட்டிலைப் பார்த்ததும் எனக்குச் சப்பென்று போய்விட்டது. ஒரு சுருக்கம் இல்லை. படுக்கவே இல்லையா, இதற்கா இவ்வளவு பாடு என்று கேட்டேன்.

அக்காவும் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது. நல்ல நித்திரைதானாம். எழும்பினதும் கை தன்பாட்டில் விரித்துவிட்டது. இனி யார் பார்த்தாலும் அது ஆள் தங்காத அறைதான்.

எழும்பினார். செருகியிருந்த விரிப்பை நான்கு மூலையிலும் இழுத்து உருவினார். தலையணையில் முழங்கையால் ஒரு குத்து விட்டார். பிறகு ஆறுதலாக இருந்து தேநீரைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவாமல் வைத்தார். கழுவாமல் வைக்க அவர் பட்ட கஷ்டம் எனக்குத் தெரிந்தது.

பையோடு வெளியே வரும்போது, அவருடைய இடத்துக்குப் புதிதாக எடுத்த நிலுஷா, துவைத்த விரிப்புகளோடு படியேறி வந்துகொண்டிருந்தாள்.

"பிள்ளை, கட்டிலை மாத்த முதல் அதில கொஞ்சம் இரு. ஆறு வடிவாத் தெரியும்," என்றார் அக்கா. பிறகு என் பக்கம் திரும்பினார். "றிக்சன், நீ கதவடியில நில். ஆரும் வந்தா, நான் இன்னும் அறையை விடேல்லை எண்டு சொல்லு."

சொல்லிவிட்டு முன்படியால் இறங்கிப் போனார். நிலுஷா உள்ளே போய்க் கட்டிலில் இருந்தாள். நான் கதவடியில் நின்றேன்.