பிடுங்காமல் விட்ட கழி

என் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் ஒடிந்த சவுக்குக் கழி ஒன்று கிடக்கிறது. ஒரு முழம் இருக்கும். அடியில் ஏரிச் சேறு காய்ந்து வெளுத்திருக்கிறது. அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள், யாரை அடிக்க வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். கெர்னல் உருவாகாமல் பாதியில் நின்று பிழைகளைக் கொட்டும்போதெல்லாம் என் கை தானாக அதைத் தடவும்.

எண்பதுகளின் கடைசியில் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவு ஊரில் புயலுக்கு ஒதுங்கும் கூடத்தில், நானும் அண்ணனும் ஒரே கணினியோடு மாரடித்தோம். கூடப் பிறந்த அண்ணன் இல்லை. என்னோடு வேலை பார்த்த பொறியாளர், அந்த ஊர்க்காரர். வானொலியில் புயல் செய்தி வந்ததும் சங்கு ஊதுகிற ஒரு சின்னப் பெட்டியைச் செய்துகொண்டிருந்தோம். பெட்டி விழித்ததும் முதலில் ஓடி மற்றதையெல்லாம் நடத்தும் அடிப்படை நிரல்தான் கெர்னல். அதைத் தானே உருவாக்கிக்கொள்ளும் திராணி அந்தப் பெட்டிக்குக் கிடையாது. எங்கள் கணினியில் உருவாக்கி, சிப்பில் பதித்து, அதில் செருக வேண்டும். செய்தியை வாங்கும் பகுதி அண்ணனுடையது, சங்கு ஊதும் பகுதி என்னுடையது.

முந்தின வருஷப் புயலில் அண்ணனின் சித்தப்பா ஏரியிலேயே போய்விட்டார். வலையை எடுக்காமல் கரையேற மாட்டேன் என்று நின்றவர். "எங்க நைனாவும் அதே ரகம்மா. ஐப்பசிக்குள்ள இது கத்தலன்னா அவரையும் வாரிக் குடுத்துடுவேன்" என்பார் அண்ணன். அப்பாவைத்தான் நைனா என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

அந்த ஏரியில் சேற்றில் கழி நட்டு, வலை கட்டி மீன் பிடிக்க முறை உண்டு, பாடு என்பார்கள். ஒவ்வோர் இடத்திலும் இன்று ஒருவர் பாடு, நாளை இன்னொருவர் பாடு. கணினிக்கும் அண்ணன் அதையே வைத்தார். அவர் பாடு அன்று கெர்னல் சமர்த்தாக உருவாகிவிடும். மறுநாள் என் முறை வந்ததும் பக்கம் பக்கமாகப் பிழை. என் வரிகளை எல்லாம் நீக்கிவிட்டு, அவர் நேற்று ஓட்டியதன் நகலையே ஓட்டினேன். அதற்கும் பிழை! மின்சாரமா, உப்புக்காற்றா, என் ராசியா? ஐயோ சாமி, மண்டை காய்ந்துவிட்டது. கொஞ்சம் பாருங்கள் அண்ணே என்று கெஞ்சினால், "உன் பாடு அன்னைக்கு நான் கை வெக்கக்கூடாதும்மா" என்று நகர்ந்துவிடுவார். என் பகுதியை அவர் முறையிலாவது ஓட்டச் சொன்னால், "உன் வலைய நான் எப்டிம்மா போடறது?" என்பார். இந்த மனிதரை என்ன செய்வது என்றே எனக்குப் புரியவில்லை.

ஐப்பசி பிறக்க இருந்தது. ஒரு நாள் அவர் வேலை முடித்துக் கணினியை மூடும் வரை பிடிவாதமாகப் பின்னால் நின்றேன். கெர்னலை உருவாக்கத் தேவையான, பெட்டிக்குரிய கோப்புகளை வரிசையாக அழித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இன்னா பண்றீங்க?"

"வலையும் கழியும் புடுங்குறேன். பாடு முடிஞ்சா தண்ணிய சுத்தமா வுட்டுட்டுத்தானே போவணும்?"

காலையில் ஃபிளாப்பியிலிருந்து போட்டுக்கொள்வார், மாலையில் அழிப்பார். அவை இல்லாததால் என் கெர்னல் எங்கள் கணினியின் சொந்தக் கோப்புகளோடு ஒட்டப் பார்த்து முட்டிக்கொண்டிருந்தது. நான் என் கோப்புகளோடு வருவேன் என்று அவர் நம்பினார். எல்லாம் கணினியிலேயே இருக்கும் என்று நான் நம்பினேன். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. நான் சொன்னதும் அழித்தவற்றை மறுபடி போட்டு, அன்று முதன்முறையாக எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டுப் போனார். வாசல் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

பெட்டி தயாரானது. ஐப்பசியில் ஒரு பகலில் அது அலறியது. ஒவ்வொரு தோணியாகக் கரைக்கு வந்தது. நைனாவைக் காணோம். அன்று அவர் பாடு. அண்ணன் மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நின்றார்.

கடைசியில் வந்தார் நைனா. வெறுந்தோணி. வந்ததும் மகனைப் பிடித்து ஏசினார்: "வலைய அப்டியே வுட்டுட்டு வந்துட்டேன்டா! நாளைக்கு பாடு வர்றவனுக்கு இன்னா பதில் சொல்லுவேன்?" அண்ணன் அவரைக் கட்டிக்கொண்டு அழுதார்.

புயல் ஓய்ந்தபோது வலை போயிருந்தது. மிச்சம் இந்தக் கழிதான். நைனா முறைப்பாக என் கையில் கொடுத்தார், ஏன் என்று இன்றும் புரியவில்லை.

நேற்று மேசை துடைக்க வந்த பெண் இதைக் குப்பையில் போடட்டுமா என்று கேட்டாள்.

"இருக்கட்டும்மா, எடுக்காதே" என்றேன்.