ரோசெந்தாவுக்காக, ரோசெந்தா

இலோய்லோ பக்கத்துச் சிறுநகரில் பள்ளிச் சீருடை தைத்தே முப்பது வருஷம் ஓட்டிய ரோசெந்தா பல்மாரெஸுக்குக் கையெழுத்து இரண்டு. ஒன்று தன் பெயர். மற்றது, கப்பலில் இயந்திரம் பார்க்கும் அண்ணன் கிறிசாந்தோ எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தின்படி போடுவது: 'கிறிசாந்தோவுக்காக, ரோசெந்தா.' இதைப் போடும்போது மட்டும் முதுகை நிமிர்த்திக்கொள்வாள்.

பதினோரு வருஷமாக ஜனவரி முதல் வாரமே நகராட்சியின் வரி ஜன்னலில் நிற்கிறாள், அண்ணன் நிலத்துக்கு அமில்யார் எனும் நிலவரி கட்ட. சீக்கிரம் கட்டினால் நிலவரியில் தள்ளுபடி உண்டு. அதைத் தவறவிடுவது அண்ணனுக்குச் செய்யும் துரோகம். ரசீதைப் படமெடுத்து அவருக்கு அனுப்பிவிட்டு, காகிதத்தை பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்துவாள். அடுத்தவர் சொத்து கையில் இருந்தால் தூக்கம் வராது என்பாள். தன் சொத்து விஷயத்தில் நன்றாகவே தூங்கியிருக்கிறாள்.

இந்த வருஷமும் அண்ணனின் வரியைக் கட்டத்தான் போனாள். சுவரில் ஏலப் பட்டியல் ஒட்டியிருந்தது. ஏழாவது பெயர் அவளுடையது. ஆறு வருஷ பாக்கி. வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் அவள் குடியிருக்கும் வீடு ஏலத்துக்குப் போகும்.

ஜன்னலுக்குள் இருந்த குமாஸ்தா எலியோ அவளை அக்கா முறை வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தான். "மானாங், அண்ணன் நிலத்துக்குக் காவல்காரி மாதிரி வர்றீங்களே, உங்க நிலத்தை யாரு பாக்குறது?"

"அடுத்த மாசம் கட்டிக்கலாம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நானும் எதிர்த்துப் பேசல."

"பையில அண்ணன் பணம் இருக்குல்ல? இப்போ உங்களுதைக் கட்டுங்க, அவருக்கு மார்ச் வரை டைம் இருக்கு."

"அது அவர் வரிக்கு. பத்திரத்துல அப்படித்தான் எழுதியிருக்கு. நீ நல்ல பையன் டோட்டோ, என் தம்பி மாதிரி. ஆனா வாயை மூடு."

அண்ணனின் வரியைக் கட்டிவிட்டு வீடு திரும்பினாள். புதுத் தையல் இயந்திரத்துக்குச் சேர்த்துவைத்ததை எடுத்தாள். மறுநாள் ஜன்னல் திறக்குமுன்பே வந்து நின்றாள்; முதுகு தானாக நிமிர்ந்தது. பாக்கி முழுவதையும் கட்டி, படிவத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எலியோ அதை உற்றுப் பார்த்தான். "மானாங், இந்தம்மா உங்களுக்கு பவர் குடுத்திருக்காங்களா? பத்திரம் எங்கே?"

'ரோசெந்தாவுக்காக, ரோசெந்தா' என்றிருந்தது.

"அதை அடிச்சுத் திருத்திடாதே. இப்படிப் போட்டாத்தான் நேரத்துக்கு வருவேன் போல."

பழக்கதோஷத்தில் அந்த ரசீதையும் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பிவிட்டாள். எங்கோ நடுக்கடலிலிருந்து பதில் வந்தது: "இது யாரு நிலம்?"

பழைய இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவள், விரலைத் துடைத்துக்கொண்டு தட்டினாள்: "நான் பொறுப்பா பாத்துக்குற இன்னொருத்தியோடது."