ஹீட்டர் ஒழுகிய வியாழக்கிழமை

லூர்துராணி டீச்சர் திருச்சி பாலக்கரையில் இருபத்தெட்டு வருஷம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். பிள்ளைகள் இல்லை. கணவர் அற்புதசாமி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்றில் ரிட்டயர் ஆன மூன்றாம் மாதமே அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போயிற்று. 'ஆ' என்ற ஒரு சத்தம்தான் மிச்சம்.

"தினமும் வெந்நீர்ல குளிப்பாட்டி, கைகால நீவி விடுங்க" என்றார் டாக்டர். ஸ்டவ்வில் அண்டா அண்டாவாகக் காய்ச்சிவிட்டு ஸ்கூலுக்கு ஓட டீச்சரால் முடியவில்லை. கடைத்தெருவில் எலெக்ட்ரிக் கடை வைத்திருந்த இன்னாசிராஜ் பழைய ஹீட்டர்களை மாத வாடகைக்கு விடுவார். ஒன்றைக் கொண்டுவந்து பாத்ரூம் சுவரில் மாட்டிக் கொடுத்தார்.

டீச்சர் குடியிருந்தது மாடிப் போர்ஷன். கீழ்ப் போர்ஷனில் ஆரிஃபாவும் அவள் மகள் சாராவும். ஆரிஃபாவின் புருஷன் மீரான், அவள் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கும்போது சவூதிக்குப் போனவன். மகள் முகத்தைப் பார்க்காமலே அங்கே கட்டடச் சாரம் சரிந்து இறந்தான். அங்கேயே அடக்கமும் ஆயிற்று. அவன் பேசி அனுப்பிய நான்கு கேசட்டுகள்தான் வீட்டில் இருந்தன. சாயங்காலமானால் ஆரிஃபா ஒன்றைப் போடுவாள். "சாராக்குட்டி, அத்தா பேசுறேன்டா" என்ற குரல் மாடிவரைக்கும் கேட்கும். சாராவுக்கு அத்தா என்றால் அந்தக் குரல்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஹீட்டரின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுவதை டீச்சர் பார்த்தார். அன்றைக்கே கடையில் போய்ச் சொன்னார். "நாளைக்கு ஆள் அனுப்புறேன் டீச்சரம்மா" என்றார் இன்னாசிராஜ். புதன்கிழமை யாரும் வரவில்லை. வியாழக்கிழமை காலை கணவரைக் குளிப்பாட்டி, சுவிட்சை அணைத்து, ஹீட்டருக்கு அடியில் ஒரு வாளியை வைத்தார். தண்ணீர்ப் பைப்பையும் மூடிவிடலாம் என்று தோன்றியது. திருகு உயரத்தில் இருந்தது, துருப்பிடித்து இறுகியும் இருந்தது. ஸ்டூல் தேட நேரமில்லை. வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் வந்தபோது மாடிப்படியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் அடித்தகடு விட்டுப்போய், மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் முழுக்க அதன் வழியாக இறங்கியிருந்தது. கட்டிலில் அற்புதசாமி அழுதுகொண்டிருந்தார். கூப்பிட வாய் வராமல் இடது கையால் சுவரைத் தட்டித் தட்டி, விரல் முட்டிகள் தோலுரிந்து ரத்தமாயிருந்தன. கீழ்வீடு பூட்டியிருந்தது, ஆரிஃபா துறையூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் அவள் வந்து கதவைத் திறந்தாள். மேல்தளத்துச் சுண்ணாம்புக் காரை பெயர்ந்து மெத்தை மேலும் அலமாரி மேலும் விழுந்து கிடந்தது. அலமாரியில்தான் டேப்ரிக்கார்டரும் கேசட்டுகளும். ஆரிஃபா மெத்தையைப் பார்க்கவில்லை. சுண்ணாம்புச் சேற்றிலிருந்து கேசட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து முந்தானையில் துடைத்தாள்.

வீட்டுக்காரர் ரங்கநாயகி அம்மாள் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தார். "ஹீட்டர் மாட்டறச்சே என்னண்ட ஒரு வார்த்தை கேட்டேளா? சீலிங் பூரா ஊறிப்போயிடுத்தே. யார் கொடுப்பா இதுக்கு?" என்றார்.

டீச்சர் இன்னாசிராஜிடம் போனார். "பழசுன்னு தெரிஞ்சும் ஆள் அனுப்பாம இருந்தது உங்க தப்புதானே?"

"அனுப்பாதது தப்புதான், இல்லேன்னு சொல்லல. ஆனா ஒழுகுதுன்னு தெரிஞ்சும் பைப்ப மூடாம போனது யாரு டீச்சரம்மா?"

அதன்பின் யாரோடும் வாதாடவில்லை. சீலிங், மெத்தை, டேப்ரிக்கார்டர் எல்லாவற்றுக்கும் தானே கொடுப்பதாக ஒப்புக்கொண்டார்.

கேசட்டுகளை ரேடியோ மெக்கானிக் ஷேக் தாவூதிடம் டீச்சரே கொண்டுபோனார். அவர் நான்கையும் பிரித்து, நாடாவைக் கழுவி, நிழலில் காயவைத்தார். மூன்றில் நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிய்ந்தது. நாலாவதைக் கீழ்வீட்டுக்கே எடுத்துவந்து தன் டேப்ரிக்கார்டரில் போட்டுக் காட்டினார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் ஆரிஃபா. நல்லா இருக்கியா?" என்றது மீரானின் குரல். அதற்குமேல் வெறும் இரைச்சல். சாரா டேப்ரிக்கார்டருக்குப் பக்கத்தில் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். இரைச்சல் ஓடி ஓடி டக்கென்று நின்றது.

"அத்தா இன்னும் எம் பேரச் சொல்லலியேம்மா" என்றாள்.

ஷேக் தாவூது தலையைக் குனிந்துகொண்டு கருவிகளை எடுத்துப் பையில் போட்டார். அவர் போனதும் டீச்சர் சொன்னார்: "ஆரிஃபா, பைப்ப மூடியிருக்கலாம். மூடாம போயிட்டேன்."

"தெரியும் டீச்சர். கடைக்காரர் சொன்னாரு."

"என்னைய நாலு வார்த்தை திட்டிடும்மா."

"திட்டி என்ன டீச்சர் ஆகப்போவுது?" என்றாள் ஆரிஃபா. குரலில் கோபமே இல்லை. டீச்சர் நீட்டிய பணத்தில் மெத்தைக்கு உரியதை மட்டும் எடுத்துக்கொண்டாள். டேப்ரிக்கார்டருக்கானதைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "போட்டுக் கேக்க என்ன இருக்கு?"

முன்பெல்லாம் அற்புதசாமியைப் புரட்டிப் படுக்கவைக்க அவள்தான் மேலே வந்து கைகொடுப்பாள். அதன்பிறகு வரவில்லை. டீச்சரும் கூப்பிடவில்லை. ஹீட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, விடியுமுன் எழுந்து ஸ்டவ்வில் வெந்நீர் வைத்தார். ரம்ஜான் கழிந்ததும் ஆரிஃபா வீட்டைக் காலிசெய்துகொண்டு துறையூருக்கே போய்விட்டாள்.

அற்புதசாமி எண்பத்தாறில் இறந்தார். சேதி எப்படியோ தெரிந்து ஆரிஃபா வந்தாள். கல்லறைக்குப் போனவர்கள் திரும்பும்வரை டீச்சரின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கடைசியில் டீச்சர்தான் கேட்டார்.

"சாரா இன்னும் கேசட்ட கேக்குறாளாம்மா?"

"மொதல்ல தினமும் கேட்டா டீச்சர். இப்ப இல்ல. அத்தா கொரல் எப்படி இருக்கும்னு போன வாரம் எங்கிட்டயே கேக்குறா."

அதுவரை கல்லாக இருந்த டீச்சர் உடைந்து அழுதார். புருஷனுக்காக அழுகிறார் என்று நினைத்து வீட்டிலிருந்த பெண்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். ஆரிஃபாவுக்கு மட்டும் தெரிந்தது. அவள் டம்ளரை வாங்கி டீச்சரைக் குடிக்கவைத்தாள். பிறகு, கடைசி பஸ் போய்விடும் என்று சொல்லி எழுந்துகொண்டாள்.